மஞ்சள் ஸ்வெட்டர்

என்னங்க,

நான் சுகம்தான். உங்கள் இருமல் விட்டதா? சின்னவள் ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

இங்கே முதியோர் இல்லத்தில், இறந்தவர்களின் கம்பளி உடுப்புகளை வேலைக்காரர்கள் எடுத்துக்கொள்ளலாம். இந்த இருட்டிலும் குளிரிலும் கொஞ்சம் தெம்பு வரட்டுமே என்று மஞ்சள் ஸ்வெட்டராகப் பார்த்து எடுத்தேன். யாருடையது என்று கேட்கத் தோன்றவில்லை.

காலையில் டீ கொண்டுபோனால், போன மாதம் மனைவியைப் பறிகொடுத்த ஞாபகமறதிக்காரப் பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இத்தனை நாளா எங்கடி போயிட்ட?"

"வேலைக்குங்க" என்றேன். வேறென்ன சொல்ல? இப்போது நான் ஊட்டினால்தான் சாப்பிடுகிறார். ஸ்வெட்டரைக் கழற்ற வழியில்லை.

கம்பளி உறுத்துகிறது. யாராவது வந்தால், உள்ளே போட்டுக்கொள்ள உங்கள் பழைய சட்டை ஒன்றைக் கொடுத்துவிடுங்கள்.

மணி அடிக்கிறது, ஓடுகிறேன். போனில் பேசும்போது நீங்களும் ஒரு தடவை, 'எங்கடி போயிட்ட' என்று கேளுங்களேன்.