கேட்காமல் தள்ளிவிட்ட போன்

10-2-2025, திங்கள்

மேசைமேல் இருந்த போனைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். இனி எல்லாம் கம்ப்யூட்டரில்தானாம். மதுரை ஹெட்டாபீசிலிருந்து வந்தவர் தலையில் மாட்ட ஒரு ஹெட்செட் கொடுத்து, ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்தார். மோட்டார் ஓடலை, பம்பு தண்ணி தள்ளலை என்று எங்கள் பம்ப்செட் ஆபீசுக்கு எவர் கூப்பிட்டாலும் என் திரையில்தான் முதலில் வரும். நான் பேசி, விசயத்தைப் பார்த்து உள்ளே மாற்றிவிட வேண்டும். அதற்கு இரண்டு பட்டன். ஒன்று, கேட்டுவிட்டுக் கொடுப்பது. கூப்பிட்டவரைக் காத்திருக்க வைத்துவிட்டு, 'இன்னார் பேசுறாக, கொடுக்கவா சார்' என்று உள்ளே கேட்டு, சரி என்றால் கொடுக்கலாம். இன்னொன்று, கேட்காமல் அப்படியே தள்ளிவிடுவது.

"மேனேஜருக்கு மட்டும் கேட்டுட்டே கொடுங்க" என்றார். நாலு வருசமாக அதைத்தானே செய்கிறேன்.

11-2-2025, செவ்வாய்

மிசின் மாறினால் மனுசன் வாய் மாறிவிடுமா? காலையில் முதல் போன் வந்தது. கேட்டுவிட்டுக் கொடுக்கலாம் என்று உள்ளே கூப்பிட்டேன். எடுத்ததும் அதே பேச்சு. "சொல்லு வாழாவெட்டி."

மேனேஜர் பாலமணிகண்டன் போனில் மட்டும்தான் இப்படி. நாலு பேர் நிற்கும்போது 'தங்கமாரி மேடம்'. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, முகத்தில் ஒரு சிரிப்புகூட இல்லாமல் சொல்லுவார். பார்க்கிறவர்களுக்கு ஏதோ லோடு விசயம் பேசுகிற மாதிரி இருக்கும். அக்கவுண்ட்ஸ் பார்க்கிற மாரீஸ்வரியிடம் ஒருமுறை சொன்னேன். "சாரா? அவுக அதிர்ந்துகூடப் பேச மாட்டாகளேக்கா" என்றாள். அதோடு வாயை மூடிக்கொண்டேன்.

புருசனை விட்டு வந்து ஆறு வருசம் ஆகிறது. எம்.ரெட்டியபட்டியில் அண்ணன் வீட்டில் இருக்கிறேன். எங்கள் தெருவில் ஒருத்தி அந்த வார்த்தையைச் சொன்னதுக்கு அவள் வாசலிலேயே நின்று கிழி கிழி என்று கிழித்திருக்கிறேன். இங்கே 'சார்' என்கிறேன். வேலை போனால் மூணு வேளையும் மதினி சுகந்தி போடுகிற சோற்றை, அவள் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டே தின்ன வேண்டும். வேறு எதற்காக?

19-2-2025, புதன்

இன்று சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

திருச்சுழிப் பக்கம் வெள்ளாமை பார்க்கிற ஒரு சம்சாரி, வீரபத்திரன் என்று பேர். மூணு நாளாக மோட்டார் ஓடவில்லை என்று கத்தினார். மேனேஜர்தான் பேச வேண்டும் என்றார். அவசரத்தில் கை தவறி, கேட்காமல் தள்ளுகிற பட்டனை அமுக்கிவிட்டேன். ஒரு நிமிசம்கூட ஆகவில்லை, திரும்பவும் அவரே கூப்பிட்டார்.

"ஏம்மா, வேற எங்கிட்டோ போயிருச்சும்மா. எவனோ எடுத்து 'சொல்லு வாழாவெட்டி'ன்றான். பயந்துபோயி வச்சுட்டேன். எனக்குக் கல்யாணமாகி முப்பது வருசமாச்சு தாயி."

ராங் நம்பர் என்று சொல்லிச் சமாளித்தேன். மத்தியானம் மாரீஸ்வரி சீட்டுக்கு ஒரு போனை அதே மாதிரி தள்ளிவிட்டு, எழுந்து போய் அவள் திரையைப் பார்த்தேன். கேட்காமல் தள்ளினால் அங்கே கூப்பிட்டவர் பேர் வருவதில்லை. என் பேர்தான் வருகிறது. 'தங்கமாரி' என்று.

ஆக, நான்தான் என்று நினைத்து அந்த ஆள் வாயைத் திறப்பார். கேட்பது வேறு ஆளாக இருக்கும்.

22-2-2025, சனி

யாரைத் தள்ளலாம்? முதலாளி மேனேஜருடைய செல்லுக்குத்தான் கூப்பிடுவார். மேனேஜர் பொண்டாட்டியும் அப்படித்தான். பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போதெல்லாம் இதே யோசனை. தப்பா? தப்பென்றால் தப்பாகவே இருக்கட்டும்.

25-2-2025, செவ்வாய்

இன்று ஒரு புதுக் குரல். "அக்கா, நான் சுபலட்சுமி. அண்ணன் இருக்காகளா? செல்ல எடுக்க மாட்றாக." மேனேஜரின் தங்கச்சி. கேட்டுவிட்டுக் கொடுத்தேன்.

மாரீஸ்வரிதான் விசயத்தைச் சொன்னாள். அந்தப் பெண்ணைப் பரமக்குடியில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். பொங்கல் முடிஞ்ச கையோடு புருசன் கையை முறித்து அனுப்பிவிட்டான். இப்போது அண்ணன் வீட்டில் இருக்கிறாள். வெளியே யாருக்கும் தெரியாதாம். அவர்கள் இருக்கிற நெசவுக்காரத் தெருவில் தெரிந்தால் மானம் போய்விடுமாம். "சாரு தங்கச்சியத் தாங்கு தாங்குன்னு தாங்குறாக" என்றாள் மாரீஸ்வரி.

தாங்கட்டும். அவர் தங்கச்சி என்றால் 'சுபா'. நான் என்றால் அது. அவளும் நானும் என்ன வித்தியாசம்? அவளுக்குக் கையில் கட்டு, எனக்கு எப்பவோ பிரித்தாகிவிட்டது. அவ்வளவுதானே!

4-3-2025, செவ்வாய்

செய்துவிட்டேன்.

வியாழக்கிழமை கோர்ட்டில் என் விவாகரத்து வாய்தா. அரை நாள் லீவு வேண்டும் என்று போனில் கேட்டேன். "எந்தக் கோர்ட்டு ஒன்னைய வாழ வைக்கப் போவுது? கட்டுனவனே காறித் துப்பிட்டுப் போயிட்டான்" என்றார். உடனே எழுந்து வெளியே வந்து, எல்லாருக்கும் முன்னால், "தங்கமாரி மேடம், வியாழக்கிழமை லீவு எடுத்துக்கோங்க, ஒன்னும் பிரச்சனையில்ல" என்றார். மாரீஸ்வரி என்னைப் பார்த்தாள், எவ்வளவு நல்ல மனுசன் என்கிற மாதிரி. என் உடம்பெல்லாம் எரிந்தது.

பத்து நிமிசம் போயிருக்கும். சுபலட்சுமி கூப்பிட்டாள். "அக்கா, அண்ணன்ட்ட ஒரு நிமிசம் கொடுக்குறீகளா?"

கொடுக்கிறேன் என்றேன். கேட்காமல் தள்ளுகிற பட்டனில் கொஞ்ச நேரம் மவுஸ் அம்பை வைத்துக்கொண்டிருந்தேன். கை தவறவில்லை. இங்கே எழுதிவைக்கிறேன், கை தவறவில்லை.

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். எடுத்தார். வாய் அசைந்தது. அந்த வார்த்தைக்கு வாய் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். பிறகு முகம் செத்துப்போனது. நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். அவர்கள் வீட்டுத் தெலுங்கில், கண்ணாடிக்கு வெளியே கேட்கிற அளவுக்குச் சத்தமாக ஏதோ கெஞ்சினார். எனக்குப் புரியாது. 'சுபா, சுபா' என்றது மட்டும் புரிந்தது. அவள் வைத்துவிட்டாள் போல. ஹெட்செட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் ரிஜிஸ்டரில் எழுதுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

வந்து நின்றார். "ஏன் கேக்காமக் கொடுத்தீங்க?"

"கை தவறிருச்சு சார்."

கொடுத்தீங்க! பக்கத்தில் ஒரு ஆள் இல்லை, அப்போதும் 'கொடுத்தீங்க'.

5-3-2025, புதன்

நல்லா வேணும். நல்லா வேணும். நல்லா வேணும்.

இன்று மூணு தடவை கூப்பிட்டேன். மூணு தடவையும் "சொல்லுங்க மேடம்." நாலு வருசத்தில் முதல்முறையாக நெஞ்சு குளிர்ந்து பஸ் ஏறினேன்.

12-3-2025, புதன்

சுபலட்சுமி பரமக்குடிக்கே போய்விட்டாளாம். யாரும் அனுப்பவில்லையாம். அவளாகவே பையைத் தூக்கிக்கொண்டு, கைக்கட்டோடு பஸ் ஏறிவிட்டாளாம்.

அவருடைய வாயிலிருந்து வந்தது, அதற்கு நான் என்ன செய்ய? அவளைப் போகச் சொன்னது நானா? அவருக்குப் பாடம் கற்பிக்கத்தானே—

பொய். அவரைக் குத்த வேறு இடம் இல்லையென்று அவளைக் குத்தினேன். எங்கே குத்தினால் வலிக்கும் என்று எனக்குத்தான் நன்றாகத் தெரியும். அண்ணன் வீட்டில் இருக்கிறவளுக்கு அந்த ஒரு சொல் போதும்.

சுகந்தி சாப்பிடக் கூப்பிட்டாள். பசியில்லை என்றேன்.

20-3-2025, வியாழன்

இன்றோடு நாலு நாளாகச் சுபலட்சுமி கூப்பிடுகிறாள். அவளுடைய செல்லைப் புருசன் வாங்கி வைத்துக்கொண்டானாம், பக்கத்து வீட்டு நம்பரிலிருந்து பேசுகிறாள். நான் உள்ளே கேட்கிறேன். "இல்லைன்னு சொல்லிருங்க மேடம்" என்கிறார். நாலு நாளும் அதே பதில்.

இன்று கேட்டேவிட்டேன். "ஏன் சார், பாவம்ல?"

"என்ன பேசச் சொல்றீங்க மேடம்? பேசுனா வந்துருவா. போனவ போன எடத்துலயே இருக்கட்டும்."

இவர்தான் தாங்கு தாங்கு என்று தாங்கினவர். அன்றைக்கு நான் தள்ளிவிட்டதில் இவருக்கு லாபம்தான் போல.

8-4-2025, செவ்வாய்

பத்து நாளுக்கு மேல் ஆகிவிட்டது அவள் கூப்பிட்டு. இன்று பதினோரு மணிக்கு லைனில் வந்தாள். குரல் கரகரத்துக் கிடந்தது. வாயைச் சரியாகத் திறக்க முடியாதவள் பேசுகிற மாதிரி இருந்தது.

"அக்கா, ஒங்கட்ட ஒன்னு சொல்லணும். அன்னைக்கு அண்ணன் சொன்னது என்னைய இல்லையாம். ஒங்களன்னு நெனச்சுச் சொல்லிட்டாகளாம். அன்னைக்கு ராத்திரியே கையப் பிடிச்சு அழுதாக."

ரிஜிஸ்டரை மூடி வைத்தேன்.

"தினமும் ஒங்கள அப்படித்தான் கூப்புடுவாகளாக்கா? கேட்டதும் எனக்குப் பாவமா இருந்துச்சு. நீங்க எம்புட்டு மரியாதையாப் பேசுவீங்க. ஒங்களுக்கே அந்தப் பேருன்னா, ரெண்டு மாசம் போனா எனக்கும் அண்ணன் வீட்ல அதே பேருதானக்கா. அதான் இங்கயே வந்துட்டேன். ஒங்க மேல தப்பில்ல. கை தவறிருச்சுன்னு அண்ணன் சொன்னாக."

ஹெட்செட் காதை நெரித்தது. கை தவறவில்லை என்று சொல்லிவிடலாமா என்று வாய் வரைக்கும் வந்தது.

"இன்னைக்கு மட்டும் கொடுங்கக்கா. இங்க இருக்க ஏலலக்கா. அண்ணன வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லணும். வேற ஒன்னும் வேணாம்."

கேட்காமல் தள்ளியிருக்கலாம். ஒரே ஒரு அமுக்கு. அவர் எடுத்திருப்பார், இவள் குரலைக் கேட்டிருப்பார். கேட்டால் எந்த அண்ணனுக்கும் மனசு கொஞ்சமாவது இளகியிருக்கும். அம்பு அந்தப் பட்டன்மேல்தான் இருந்தது. நாளையிலிருந்து என் போனை அவர் மறுபடியும் எந்தப் பேரைச் சொல்லி எடுப்பார் என்று நினைத்துப் பார்த்தேன்.

அம்பை நகர்த்தி, கேட்டுவிட்டுக் கொடுக்கிற பட்டனை அமுக்கினேன்.

"சொல்லுங்க மேடம்."

"சார், ஒங்க தங்கச்சி."

"இல்லைன்னு சொல்லிருங்க மேடம்."

"சரி சார்."

அவளிடம் திரும்பி வந்து, "வெளிய போயிருக்காரும்மா" என்றேன். அவளுக்குப் பின்னால் ஒரு ஆம்பளைக் குரல் அவளைக் கூப்பிட்டது.

"அப்ப வச்சுரவாக்கா?" என்று என்னிடம் கேட்டாள்.

வையி என்றேன்.