ஏலத்துக்குப் போன முகம்

மார்ச் 4, செவ்வாய்

காலையில் ஒரு செத்த மனிதரை முடித்துக் கொடுத்தேன். மளிகைக் கடைக்காரரின் அப்பா. அடையாள அட்டையில் இருந்த தம்மாத்துண்டு படத்தைக் கொடுத்து இடுப்பு வரைக்கும் வரையச் சொன்னால் நான் எங்கே போவேன்? காதே தெரியவில்லை. நானாக இரண்டு காது வைத்தேன். மகன் பார்த்துவிட்டு, "அப்பாவேதாங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். இத்தனை வருடமாக இதுதான் பிழைப்பு. காதைப் பற்றி இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

மாலையில் ஓவியர் சங்கச் செயலாளர் வந்தார். என் மகள் குட்டி பாடம் எடுத்த பள்ளியில் ஓவிய வகுப்பை மூடப்போகிறார்களாம். அவள் போனதிலிருந்து அந்த இடத்துக்கு ஆள் போடவே இல்லை. இப்போது அந்த அறையையே சாமான் அடுக்க எடுத்துக்கொள்ளப் போகிறார்கள். சங்கத்தில் ஆளுக்கொரு படைப்பு கொடுத்து ஏலம் விட்டு, வாத்தியார் சம்பளத்துக்கும் காகிதம் வண்ணத்துக்கும் ஏற்பாடு பண்ணலாம் என்று முடிவு. என் மகள் பெயரில்.

"உங்ககிட்ட கேக்கவே சங்கடமா இருக்கு" என்றார். சங்கடப்படுகிற ஆள் இரண்டாவது டம்ளர் தேநீர் கேட்க மாட்டார்.

மார்ச் 6, வியாழன்

சங்க அறைக்குப் போனேன். ஏலத்துக்கு வந்தவற்றைச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார்கள். தானம் என்று சொன்னால் போதும், அவனவன் பரணைச் சுத்தம் பண்ணிவிடுகிறான். மீசை என்று நாங்கள் கூப்பிடுகிற ஓவியன் ஒரு கடல் படம் கொண்டுவந்திருந்தான். அந்தக் கடலை நானே நாலு கண்காட்சியில் பார்த்திருக்கிறேன், ஒரு இடத்திலும் விலை போகவில்லை. சிற்பி அம்மா ஒரு குதிரை. பக்கத்தில் போய்ப் பார்த்தால் காலை ஒட்டவைத்திருக்கிறது.

எனக்குக் கோபம் எங்கிருந்துதான் வந்ததோ. "பிள்ளைங்களுக்குக் கேக்கறாங்கய்யா. விக்காததைக் கொண்டாந்து தலையில கட்டறீங்களே, வெக்கமா இல்ல?"

மீசை சும்மா இருப்பானா? "சரிண்ணே. நீங்க என்ன குடுக்கப்போறீங்க?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "குட்டி படத்தைக் குடுக்கறேன்" என்று சொல்லிவிட்டேன்.

வாய். இந்த வாயை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய.

மார்ச் 7, வெள்ளி

மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.

இங்கே எழுதி வைக்கிறேன், எனக்காவது ஒழுங்காகத் தெரியட்டும். அந்தப் படத்தை ஆரம்பித்தது போன வருடத்துக்கு முந்தின வருடம். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து உட்காருவாள். முப்பது வயதுக் கழுதை, ஒரு நிமிடம் அசையாமல் இருக்கத் தெரியாது. "அப்பா, மூக்கு அரிக்குது." "அப்பா, கால் மரத்துப்போச்சு." "அப்பா, நான் அழகா இருக்கேனா, இல்ல நீங்க பொய் சொல்றீங்களா?" முகம் முடிந்தது. தலைமுடி, நீலச் சட்டை முடிந்தது. கைகள் மட்டும் மிச்சம். மடியில் கரிக்கோட்டில் ஒரு வட்டம் போட்டு வைத்தேன். கை எங்கே ஓடிப்போகிறது, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று.

காய்ச்சல் என்று படுத்தாள். அவ்வளவுதான்.

இப்போது படம் படுக்கையறையில் மனைவியின் பக்கத்துச் சுவரில் மாட்டியிருக்கிறது. எழுந்ததும் முதலில் அதைத்தான் பார்க்கிறாள். குட்டியின் புகைப்படங்கள் இருக்கின்றன, அவற்றை எடுத்துப் பார்ப்பதே இல்லை. "அதுல எல்லாம் சிரிக்கச் சொல்லி சிரிச்சிருக்கா" என்று ஒருமுறை சொன்னாள்.

வாழ்க்கையில் நான் உருப்படியாகப் போட்டது அந்த ஒரு முகம்தான். அதை நாலு பேர் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. இதில் தர்மம் எங்கே இருக்கிறது? ஆசைதான்.

மார்ச் 9, ஞாயிறு

சொன்னேன்.

கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. "அத மட்டும் கேக்காதீங்க" என்றாள்.

"நல்ல காரியம்தானே. அவ வகுப்புக்குத்தானே."

"வேற பத்துப் படம் குடுங்க. என் வளையலைக் கூடக் குடுங்க. அத விட்டுடுங்க."

"சபையில சொல்லிட்டேன்மா. இப்ப இல்லைன்னு எப்படிச் சொல்றது?"

"யாரைக் கேட்டுச் சொன்னீங்க?"

"நான் போட்ட படம்" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

"போட்டது நீங்கதான். மூஞ்சி அவளோடது." அப்புறம் கீரையை அலசி வைத்துவிட்டு, "உங்க இஷ்டம்."

எங்கள் வீட்டில் "உங்க இஷ்டம்" என்றால் கூடாது என்று அர்த்தம். கல்யாணமான நாளிலிருந்து எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

மார்ச் 23, ஞாயிறு

படத்தைக் கழற்றி வேலை அறைக்குக் கொண்டுவந்தேன். சுவரில் அந்த இடம் மட்டும் வெளுப்பாக இருக்கிறது. மனைவி இன்று கூடத்தில் பாய் போட்டுப் படுத்தாள். வெக்கை என்றாள்.

செயலாளர் போன் பண்ணினார். "கை முடியலையாமே? அரைகுறைன்னா வாங்கறவங்க யோசிப்பாங்க. சும்மா ரெண்டு கை போட்டுடுங்களேன், உங்களுக்குத் தெரியாததா."

சும்மா ரெண்டு கை.

மார்ச் 27, வியாழன்

கையில் சாக்பீஸ் பிடித்திருப்பதுபோலப் போடலாம் என்று யோசனை. அவள் கரும்பலகையில் வரைந்து காட்டித்தான் சொல்லிக்கொடுப்பாள். சட்டையெல்லாம் சாக்பீஸ் தூளோடுதான் வீட்டுக்கு வருவாள்.

குட்டி இடதுகைக்காரி. அது ஒரு வகையில் சௌகரியமாகப் போயிற்று. என் வலது கையில் தூரிகை, இடது கை சும்மாதானே இருக்கிறது. எதிரே நிலைக்கண்ணாடியை வைத்து, இடது கையில் சாக்பீஸைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடியில் தெரிந்ததை அப்படியே போட்டேன். விரலை மட்டும் மெலிதாக்கினேன். நகத்தைக் குட்டையாக வெட்டினேன், அவள் கடித்துவிடுவாள். இன்னொரு கையைத் துப்பட்டாவுக்குள் மறைத்துவிட்டேன்.

நன்றாக வருகிறது. சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. ரொம்ப நாளைக்கப்புறம் சந்தோஷமாக இருந்தேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

மார்ச் 30, ஞாயிறு

முடிந்தது. "வந்து பாரேன்" என்று கூப்பிட்டேன். அடுப்பில் வேலை இருக்கிறது என்றாள். அடுப்பு அணைந்துதான் இருந்தது.

ஏப்ரல் 6, ஞாயிறு

நேற்று நடந்ததை நேற்று எழுத முடியவில்லை.

கூட்டம் நல்ல கூட்டம். குட்டியிடம் படித்த பிள்ளைகள் வரைந்த படங்களை வாசலில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். மீசையின் கடல்கூட விலை போயிற்று, அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தான். நம் படத்தைக் கடைசியாக எடுத்துவைத்தார்கள். திரையை விலக்கியதும் பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பொய் சொல்வானேன், எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. போனில் யாரோ ஒருவர் விடாமல் ஏற்றிக்கொண்டே போனார். மற்ற எல்லாம் சேர்ந்து போன விலையைவிட இது ஒன்று அதிகம் போயிற்று. கைதட்டினார்கள். தலைமையாசிரியை என் கையைப் பிடித்துக்கொண்டு, "வகுப்பு பிழைச்சுதுங்க" என்று அழுதார்.

மனைவி வர மாட்டாள் என்றுதான் நினைத்தேன். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்திருக்கிறாள். கூட்டம் கலைந்தபின் படத்துக்கு முன்னால் போய் நின்றாள். நான் பக்கத்தில் போனேன். ஏதாவது சொல்வாள் என்று — பாராட்டுவாள் என்றுதான் எதிர்பார்த்தேன், முட்டாள்.

"இது யார் கை?" என்றாள்.

"என்னம்மா கேக்கற? குட்டி கை."

"குட்டி எந்தக் கையால எழுதுவா?"

"இடது கைதான். இடது கையைப் பார்த்துத்தானே போட்டேன்" என்று சொல்லிக்கொண்டே படத்தைப் பார்த்தேன்.

கண்ணாடியில் என் இடது கை இடது பக்கம்தான் தெரியும். எதிரே நம்மைப் பார்த்து உட்கார்ந்திருப்பவளுக்கு அந்தப் பக்கம் இருப்பது வலது கை. பெற்ற மகளுடைய வலது கையில் சாக்பீஸைக் கொடுத்திருக்கிறேன். முதல் வருடம் படிக்கிற பையன்கூட இந்தத் தப்பைப் பண்ண மாட்டான். பண்ணினால் காதைத் திருகுவேன்.

"சின்ன வயசுல அந்தக் கையால எழுதச் சொல்லி வாத்தியார் அடிச்சப்ப, ஸ்கூல்ல போய் சண்டை போட்டது யாரு?" என்றாள்.

நான்தான். நானேதான் போனேன்.

"உங்க கையைக் கொண்டுபோய் அவமேல ஒட்டியிருக்கீங்க" என்றாள். அதற்குள் ஆட்கள் வந்து படத்தைத் துணியில் சுற்ற ஆரம்பித்துவிட்டார்கள்.

ஏப்ரல் 11, வெள்ளி

செயலாளரிடம் கெஞ்சினேன். ஒரு நாள் கொடுத்தால் போதும், கையைச் சரி பண்ணிவிடுவேன். வாங்கியவர் பெயரைச் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டாராம். "விக்கிற வரைக்கும்தான் உங்க படம். இது வித்தாச்சு" என்கிறார். அந்த ஆளோடு இனிப் பேச்சு கிடையாது.

ஏப்ரல் 15, செவ்வாய்

மனைவி அக்கா வீட்டுக்குப் போனாள். போன வாரமும் போனாள். போகட்டும். இங்கே இருந்தாலும் என்னோடு என்ன பேசுகிறாள்? "சாப்பாடு இருக்கு." "கதவைத் தாழ் போட்டுக்கோங்க."

ஏப்ரல் 21, திங்கள்

வகுப்பு தொடங்கிவிட்டது. புது வாத்தியார், பெட்டி பெட்டியாக வண்ணம். தலைமையாசிரியை வரச் சொல்லியிருந்தார். தெரு முனை வரைக்கும் போய், பிள்ளைகள் சத்தம் கேட்டதும் திரும்பிவிட்டேன். நல்லதுதான் நடந்திருக்கிறது. நல்லதுதானே?

மே 1, வியாழன்

ஒரு வேலையும் ஓடவில்லை. இரண்டு செத்தவர்கள் காத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருவருக்குக் கை போட வேண்டும். திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

மே 6, செவ்வாய்

செயலாளர் கடைசியில் இளகிவிட்டார். வாங்கியவர் பல் டாக்டர். பெரிய தெருவில் மாடியில் கிளினிக். அவரிடமே கேட்டுவிடலாம் என்று வண்ணப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு மத்தியானம் கிளம்பினேன்.

கண்ணாடிக் கதவைத் தள்ளியதும் எதிர்ச் சுவரில் குட்டி. கீழே வரிசையாக நாற்காலிகள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஒருவர், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஒருத்தி. ஓரத்து நாற்காலியில், மடியில் பையை வைத்துக்கொண்டு, கையில் டோக்கனோடு என் மனைவி.

அக்கா வீடாவது ஒன்றாவது.

என்னைப் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை. நான் அப்படியே கதவோரம் நின்றேன். டாக்டர் வெளியே வந்தவர் என் பெட்டியைப் பார்த்துப் புரிந்துகொண்டார். நல்ல மனுஷன். தனியாகக் கூப்பிட்டு, "அம்மா வாராவாரம் வர்றாங்க சார். உங்க செயலாளர்கிட்ட விசாரிச்சு வந்தாங்களாம். பல்லுல ஒண்ணுமில்ல. நானும் எதுவும் கேக்கல" என்றார். "பயந்துட்டு வர்றவங்களுக்கு அந்த முகம் ஆறுதலா இருக்கும்னுதான் இங்க மாட்டினேன். வேணும்னா எடுத்துட்டுப் போங்க சார். எனக்குப் பணம் வேண்டாம்."

ஓடிப்போய் மனைவியிடம் சொன்னேன். வீட்டுக்கே கொண்டுபோயிடலாம், கையையும் சரி பண்ணிடறேன், பழைய இடத்துலயே மாட்டிடலாம் என்று மூச்சுவிடாமல் சொன்னேன்.

"வேண்டாம்."

"ஏம்மா?"

"கட்டிக்குடுத்த பொண்ணைப் பாக்க வர்ற மாதிரி வந்துட்டுப் போறேன். பழகிடுச்சு. வீட்டுல இருந்தப்ப அவ அங்கயே இருப்பான்னு நெனச்சேன். நீங்க தூக்கிட்டுப் போனீங்க. இங்க யாரும் தூக்கமாட்டாங்க."

பக்கத்தில் பல்வலிக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கையாவது —" என்றேன்.

"தொடாதீங்க." சத்தம் போடவில்லை. "இன்னொரு தடவை அவளைத் தொடாதீங்க." பெட்டியைக் காலருகே வைத்துவிட்டு அவள் பக்கத்து நாற்காலியில் உட்காரப் போனேன். பையை எடுத்து அந்த நாற்காலியில் வைத்தாள். "செவ்வாய்க்கிழமை நான் வருவேன். நீங்க வேணும்னா வேற நாள் பாத்துக்கோங்க."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி வந்துவிட்டேன். எதிர்க் கடை ஓரத்தில் நின்று அவள் வருகிற வரைக்கும் காத்திருந்து, அவள் முன்னே போக, பின்னாலேயே வீட்டுக்கு வந்தேன். திரும்பிப் பார்க்கவே இல்லை.

மே 8, வியாழன்

பெட்டி எடுத்துப்போகவில்லை. கிளினிக்கில் டோக்கன் வாங்கினேன். மேசையில் இருந்த பெண் எந்தப் பல் என்று கேட்டாள். கீழே, பின்னால் என்றேன். ஓரத்து நாற்காலி காலியாக இருந்தது, அங்கிருந்து முகம் நேராகத் தெரிகிறது. என் எண்ணைக் கூப்பிட்டார்கள். எனக்கு அவசரமில்லை என்று அடுத்தவரைப் போகச் சொன்னேன். அதற்கு அடுத்தவரையும்.