சித்தப்பா வீட்டு எரிகோ

என் சின்னவனுக்கு,

இங்கே எல்லாரும் சுகம், உன் சித்தப்பாவின் புத்தியைத் தவிர. நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

பங்கு பிரித்த கையோடு சித்தப்பா தன் வீட்டைச் சுற்றி ஆளுயரச் சுவர் எழுப்பியது உனக்குத் தெரியும். கொத்தனார் வேலையிலேயே தலை நரைத்த அண்ணன், உன் அப்பா, பக்கத்து வீட்டில் இருக்க, எங்கிருந்தோ ஆள் பிடித்துக் கட்டினார், அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது. போன மாதம் வாசலில் பலகை மாட்டினார், எரிகோ இல்லம் என்று. பைபிளில் வருகிற ஊராம், வாசனை என்று பொருளாம், நீதான் போனில் சொன்னாயாம். வாசனையாவது மண்ணாங்கட்டியாவது, அந்த வீட்டுச் சாக்கடைக் குழாய் நம் பக்கம்தான் திறந்திருக்கிறது. எதிர்வீட்டு வாத்தியாரைக் கேட்டால், அது நிச்சயமில்லை, பழங்காலத்தில் அங்கே சந்திரனைக் கும்பிட்டார்கள், நிலாவை வைத்துத்தான் பெயர் என்று பலர் சொல்கிறார்கள், படித்தவர்களே இன்னும் முடிவுக்கு வரவில்லை என்கிறார். அவர்கள் மெதுவாக வரட்டும். வாசனையோ நிலாவோ, மதில் இடிந்து விழுந்ததற்குப் பெயர் போன ஊர் அது. எதிரிகள் வாய் திறக்காமல் ஆறு நாள் தினம் ஒரு சுற்று, ஏழாம் நாள் ஏழு சுற்று நடந்து, எக்காளம் ஊதிக் கத்தினார்கள், சுவர் போயிற்று. புதுச் சுவர் கட்டியவர் தேடித் தேடி அந்தப் பெயரையா வைப்பார்? பொருள் கேட்டவர் கதையைக் கேட்கவில்லை, சொன்ன மேதாவியும் சொல்லவில்லை.

இதற்கிடையில் டாக்டர் உன் அப்பாவைத் தினமும் நடக்கச் சொன்னார். தெருவில் வண்டித் தொல்லை என்று, சித்தப்பா சுவரை ஒட்டிய சந்தில் காலையில் ஒரு சுற்று, யாரோடும் பேசாமல், சுவரையே பார்த்துக்கொண்டு நடந்தார். மூன்றாம் நாள் யாரோ சித்தப்பாவுக்குக் கதையைச் சொல்லிவிட்டார்கள். நாலாம் நாளிலிருந்து மனுஷன் மாடி ஜன்னலில் நின்று எண்ண ஆரம்பித்துவிட்டார். அக்கா, ஏழாம் நாள் மட்டும் பெரியவரை நடக்க விடாதீங்க, இவருக்குச் சோறு இறங்கல என்று சித்தி வந்து கெஞ்சினாள். நான் சிரித்த சிரிப்பில் தையல் ஊசி விரலில் ஏறிவிட்டது.

ஏழாம் நாள் முட்டி வலி என்று அப்பா எழுந்திருக்கவே இல்லை. எட்டு மணி வரை பார்த்த சித்தப்பா, அண்ணனுக்கு என்னாச்சு, ஏன் நடக்க வரல என்று பனியனோடு ஓடி வந்தார், பதினொரு மாதம் கழித்து நம் வாசற்படியை மிதித்தார். அப்பா படுத்தபடியே, உன் சுவர் பின்மூலையில வெடிச்சிருக்குடா, அஸ்திவாரம் பத்தல, மழைக்கு முன்னாடி பிரிச்சுக் கட்டணும், ஆறு நாளா அதைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன் என்றார். சித்தப்பா நின்ற இடத்திலேயே உட்கார்ந்து அழுதார். எனக்கும் கண் கலங்கியது. இப்போது இரண்டு கிழங்களும் சிமெண்ட் குறைவு, மணல் ஜாஸ்தி என்று சண்டை போட்டபடி அந்த மூலையைக் கட்டுகின்றன. மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வந்ததா என்றால், மூச். பலகையும் அப்படியே தொங்குகிறது.

ஊரைச் சொல்லிச் சிரித்தது போதும், நம் வீட்டுக்கு வருகிறேன். நீ உன் அண்ணனோடு பேசி எட்டு மாதமாகிறது. சின்னவன் எப்படி இருக்கான் என்று அவன் என்னைக் கேட்கிறான், பெரியவன் எப்படி இருக்கான் என்று நீ கேட்கிறாய், வீம்பில் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை. உங்கள் சுவரை ஏழு நாள் சுற்ற என் காலில் பலமில்லை. இதைப் படித்து முடித்ததும் நீயே பனியனோடு ஓடு.

நோய் நொடி இல்லாமல் நீண்ட நாள் இரு. குளிரில் காதை மூடிக்கொள்ள மறக்காதே, ஆனால் அண்ணன் போனை எடுக்கும்போது திறந்து வை.

உன் அம்மா