மூன்று மணிக்கு பாலே

டிசம்பர் 2, செவ்வாய்

விடியற்காலையிலிருந்து மழை. குடையோடு சிலிபின் சந்தைக்குப் போய் வந்தேன். வாங்கியவை: மைலோ தூள், முட்டை, மீன் உருண்டை, தலையணை உறை இரண்டு. பிஸ்கட் மறந்துபோயிற்று.

மகள் சுமதி வெள்ளிக்கிழமை சிங்கப்பூரிலிருந்து வருகிறாள். கூடவே பேத்தி தியா, ஒன்பது வயது. பேரன் கவின், ஆறு. மாப்பிள்ளைக்கு லீவு இல்லை. என் மனைவி மரகதம் போனபிறகு இந்த வீட்டில் அடுப்பு ஒருவேளைதான் எரிகிறது. இப்போது இரண்டு நாளைக்கு மூன்று வேளை.

பாலே நடன டிக்கெட் நான்கு, மேசை இழுப்பறையில். சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. ஒரு பாலே பள்ளியின் ஆண்டுவிழா. ஐந்து தடவை எடுத்துப் பார்த்துவிட்டேன்.

பக்கத்து வீட்டு முனியாண்டி அண்ணனுக்குச் சிரிப்பு. "பாலேவா? உனக்கு என்னாத்துக்கு லா இந்த வேல? பிள்ளைங்கள வெந்நீர் குளத்துக்குக் கூட்டிட்டுப் போ."

அவருக்கு என்ன தெரியும். இருபத்திரண்டு வருடம் ஸ்கூல் பஸ் ஓட்டியவன் நான். சனிக்கிழமைதோறும் பதினொரு சீனப் பிள்ளைகளை பாலே வகுப்பில் இறக்கிவிட்டுக் காத்திருப்பேன். ஏர்கான் அறை, பெரிய கண்ணாடி ஜன்னல். வெளியே நின்று பார்ப்பேன். முட்டி மடக்கினால் பிளியே. நுனிக்காலில் எழும்பினால் ரெலவே. பெயரெல்லாம் பஸ்ஸில் பிள்ளைகள் சொல்லித் தெரியும்.

டிசம்பர் 4, வியாழன்

வெயில். கூரைக் காற்றாடி துடைத்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது.

இதை இங்கேயாவது எழுதவேண்டும். சுமதியும் அந்தச் சனிக்கிழமைகளில் பஸ்ஸில் வருவாள். ஒன்பது வயதில் ஒருநாள் கேட்டாள். "அப்பா, நானும் உள்ள போலாமா?"

நான் வேண்டாம் என்றேன். "நம்ம பொண்ணுங்க காலத் தூக்கி ஆடுனா நாலு பேரு என்ன சொல்வாங்க? பஸ்ல உக்காந்து பாடத்தைப் படி." சொல்லிவிட்டு அதே கண்ணாடி முன்னால் போய் நின்று பார்த்தேன். வெட்கங்கெட்ட மனுஷன். அவள் மறுபடி கேட்கவே இல்லை. முப்பது வருடம்.

டிக்கெட் பேரப்பிள்ளைகளுக்கு என்று எல்லாரிடமும் சொல்லியாயிற்று. உண்மையில் சுமதிக்கு. அவளை உள்ளே உட்காரவைத்து, அன்றைக்குச் சொன்னது தப்பு என்று சொல்லவேண்டும். எப்படி ஆரம்பிப்பது?

டிசம்பர் 5, வெள்ளி

மாலை ஆறரைக்கு வந்தார்கள். நெடுஞ்சாலையில் நெரிசல். தியா உயரமாகிவிட்டாள். கேட்டாலொழியப் பேச்சில்லை. கவின் செருப்பைக் கழற்றுமுன் கேட்டது: "தாத்தா, வைஃபை இருக்கா?"

இல்லை. முகம் விழுந்துவிட்டது, பாவம்.

பாலே என்றதும் சுமதி டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நல்லதுப்பா." அவ்வளவுதான்.

டிசம்பர் 6, சனி

கெடுத்துவிட்டேன்.

மூன்று மணி என்றால் நாலு என்று நானே கணக்குப் போட்டேன். நம் ஆட்கள் நிகழ்ச்சியில் வேறெப்படி? குத்துவிளக்கு, கடவுள் வாழ்த்து, வரவேற்புரை, பிரமுகர் வரக் காத்திருப்பு, அவருக்குப் பொன்னாடை, பிறகு அவர் பேச்சு. வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் நிதானமாக உட்காரவைத்தேன். "அவசரமே இல்ல, ரசம் ஊத்திக்கங்க." சுமதி இரண்டு தடவை மணி பார்த்தாள். பள்ளிக்கூட வாசலில் ஒருநாள்கூட வண்டியைத் தாமதமாக நிறுத்தாத நான்! விழா நாளில் பிள்ளைகளை மதியமே இறக்கிவிட்டுப் பஸ்ஸில் தூங்கிவிடுவேன். எப்போது தொடங்கும் என்று தெரிந்துகொண்டதே இல்லை.

போனபோது மூன்று நாற்பது. கதவு சாத்தியாயிற்று. வாசலில் நின்ற மலாய்ப் பெண் மரியாதையாகத்தான் சொன்னாள், இடைவேளையில்தான் திறப்போம் என்று. கதவில் முகம் அளவுக்கு ஒரு கண்ணாடி. கவினைத் தூக்கிக் காட்டினேன். தியா எக்கிப் பார்த்தாள்.

"பாரு, இப்ப முட்டிய மடக்குறாங்கல்ல? பிளியே."

"தாத்தா, ஹவ் யூ நோ?"

பதில் சொல்ல வாயெடுத்தேன். சுமதி சுவரில் இருந்த விளம்பரத்தைப் படித்துக்கொண்டிருந்தாள்.

கழிப்பறை எங்கே என்று என்னிடம் கேட்டாள் ஒரு சீனப் பெண். மகளோடு வந்தவள். முகம் பார்த்ததும் தெரிந்தது: சின்ன வயதில் என் பஸ்ஸில் மூன்றாம் சீட், வாந்தி எடுப்பாள், என் துண்டால் துடைத்துவிடுவேன். அவளுக்கு நான் அங்கே வேலை பார்க்கும் ஆள். கையைக் காட்டினேன். போய்விட்டாள்.

இடைவேளைக்குள் கவின் என் தோளிலேயே தூங்கிவிட்டான். "நான் வண்டில வச்சிருக்கேன் இவன. நீயும் தியாவும் உள்ள போங்க," என்றேன்.

சுமதி பிள்ளையை வாங்கிக்கொண்டாள். "நீங்க போங்கப்பா. வண்டியில உக்காந்து எனக்குப் பழக்கம்தான்."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை. அப்போதாவது சொல்லியிருக்கலாம். மழைக்குத் தன் மேல்சட்டையால் அவன் தலையை மூடிக்கொண்டு வண்டிக்கு ஓடினாள்.

உள்ளே தியாவும் நானும். பக்கத்தில் இரண்டு காலி நாற்காலி. முதல் தடவையாகச் சத்தம் கேட்டேன். குதித்து இறங்கும்போது பலகையில் தொப் தொப் என்று விழுகிறது. மூச்சு வாங்குகிறார்கள். இருபத்திரண்டு வருடமும் பூனைபோல் ஆடுகிறார்கள் என்று நினைத்திருந்தேன். தியா கடைசிவரை அசையவில்லை.

டிசம்பர் 8, திங்கள்

நேற்றுப் போய்விட்டார்கள். மழை. தலையணை உறை துவைக்கவில்லை, இன்னும் இரண்டு நாள் கிடக்கட்டும். கவினின் காலுறை ஒன்று சோபாவுக்குக் கீழே. மீன் உருண்டை பாதி மீதி, தனியாகத் தின்னப் பிடிக்கவில்லை. முனியாண்டி அண்ணன் "எப்டி ஆட்டம்?" என்றார். நல்லா இருந்திச்சு என்றேன்.

டிசம்பர் 11, வியாழன்

வானம் மூடிக்கிடக்கிறது. காலையிலிருந்து யாரோடும் பேசவில்லை. சாயங்காலம் ஃபோன் போட்டேன். எடுத்தது தியா.

"அம்மா கிச்சன்ல, தாத்தா. வாஷிங் பிளேட்ஸ்."

காலுறையைப் பற்றிச் சொன்னேன். பிறகு எங்கிருந்து தைரியம் வந்ததோ. "அம்மாகிட்ட ஒண்ணு சொல்லு. அன்னிக்கு நான் வேணாம்னு சொன்னது தப்பு. தாத்தா சாரி சொன்னேன்னு சொல்லு."

"விச் டே, தாத்தா?"

"நீ சொல்லு."

அங்கிருந்தே கத்தினாள். "மா! அன்னிக்கு வேணாம் சொன்னதுக்கு தாத்தா சாரியாம்!"

குழாய்ச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நின்றது.

எந்த நாள் என்று சுமதி கேட்கவில்லை.