ஆறு கோடுகள், சில எண்கள்

ஆயர் ஈத்தாம், பினாங்கு, மலாயா, 1943

அன்புள்ள அத்தானுக்கு,

ஜப்பான்காரர்கள் போடும் சயாம் ரயில்பாதை வேலைக்குப் போகுமுன் நீங்கள் எழுதித் தந்த கித்தார் தாளைத் தினமும் பார்க்கிறேன். ஆறு கோடுகளும் ஆறு தந்திகள், எண்கள் விரல் வைக்கும் கட்டங்கள் என்பது புரிந்தது. ஆனால் மேல்கோட்டைத் தடித்த தந்தி என்று நினைத்துத் நேற்றுவரை தலைகீழாகவே வாசித்துவந்தேன்.

நேற்று ஜப்பான்காரர்கள் வீட்டைச் சோதித்தார்கள்.

"என்னம்மா இந்த நம்பர்? ரகசியச் செய்தியா?" என்றார் கூடவந்த மொழிபெயர்ப்பாளர்.

"பாட்டு, ஐயா."

"அப்ப வாசிச்சுக் காட்டு லா!"

வாசித்தேன், அபசுரம். சிப்பாய் துப்பாக்கியை உயர்த்தினான். பயத்தில் மேல்கோட்டைக் கித்தாரின் அடியிலுள்ள மெல்லிய தந்தியாக வைத்துத் தொடங்கினேன். உங்கள் பாட்டு வந்துவிட்டது! சிரித்தார்கள், ஆனாலும் தாளை எடுத்துப் போய்விட்டார்கள்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. முதல் வரிதான் மனப்பாடம். மிச்சத்தை நீங்கள் வந்துதான் எழுதித் தரவேண்டும்.

வாசலையே பார்த்திருக்கும்
உங்கள் மனைவி