குறிஞ்சாக்கேணியில் இருந்த எங்கள் உறுதி

என் ஆசை அம்மாவுக்கு,

நீங்கள் போய் ஆறு மாதமாகிறது. வீட்டில் எல்லாரும் சுகம். உங்களோடு ஒரு சின்னக் கோபமும் இருக்கிறது, அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

முப்பத்தொன்றாம் நாள் காரியம் முடிந்ததும் அண்ணா வீட்டு உறுதிப் பத்திரத்தையும் நீங்கள் எழுதிவைத்த மரணசாசனத்தையும் கேட்டார். நான் கவலைப்படவில்லை. சுனாமியில் கடல் வந்த அன்று நீங்கள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடிய ரெக்சின் பொதி அலுமாரியில்தானே இருந்தது? அம்மா எங்கள் உறுதியைக் காப்பாற்றினவ என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள் நான்.

அவிழ்த்தால், ஜெமீலா என்ற பெயரில் குறிஞ்சாக்கேணிக் காணியின் உறுதி! சாமித்தட்டு, அரிசி வாளி, மெத்தைக்கு அடி எல்லாம் தேடியும் எங்களுடையது இல்லை.

"நீதானே கடைசிவரைக்கும் வீட்டில இருந்தனி" என்றார் அண்ணா. கூடப்பிறந்தவரே என்னைக் கள்ளியாக நினைத்துவிட்டாரே என்று இரண்டு நாள் சோறு இறங்கவில்லை, அம்மா.

ஆரோ ஒருவரின் சொத்து எங்களிடம் கிடக்கக்கூடாதென்று அண்ணாவையும் கூட்டிக்கொண்டு குறிஞ்சாக்கேணிக்குப் போகக் கிண்ணியா பஸ் ஏறினேன். விசாரித்து ஜெமீலா உம்மாவின் வீட்டைப் பிடித்தோம். பொதியைக் கண்டதும் அவர் எழுந்தார். உள்ளே போய், அதே ரெக்சினில் அதே மாதிரிக் கட்டிய இன்னொரு பொதியைக் கொண்டுவந்து அண்ணாவின் மடியில் வைத்தார். எங்கள் உறுதி. கூடவே, போன வருடம் நீங்களே கொண்டுபோய் உள்ளே வைத்ததாக அவர் சொன்ன மரணசாசனம்.

சண்டைக் காலத்தில் அகதியாய் ஒரே பள்ளிக்கூடத்தில் இருந்தபோது இருவரும் செய்துகொண்ட ஏற்பாடாம்.

"ஒரு நாளைக்கு உங்கட பக்கம் எரியும், ஒரு நாளைக்கு எங்கட பக்கம் எரியும். ரெண்டும் ஒரே நாளில எரியாது எண்டு உங்கட அம்மாதான் சொன்னவ, மகள்" என்றார்.

ஆனால் கடல் இரண்டு பக்கமும் ஒரே நாளில் வந்ததே? அன்றைக்கு அவரும் வேறொன்றையும் எடுக்காமல் எங்கள் பொதியோடுதான் ஓடினாராம். ஒருத்தியின் வீட்டை மற்றவள் சுமந்துகொண்டு ஓடியிருக்கிறீர்கள். இதை எங்களிடம் ஒரு சொல் சொல்லாமல் போனீர்களே, அதுதான் கோபம். சொன்னால் தடுப்போம் என்று பயந்தீர்களா?

அண்ணா அங்கேயே என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும்தான்.

புறப்படும்போது ஜெமீலா உம்மாவின் பொதியை நீட்டினேன். அவர் கை நீட்டவில்லை.

"இதை ஏன் கொண்டந்தனீங்க? இது உங்கட வீட்டில இருக்கிற சாமான்" என்றார்.

திரும்பி வந்து அலுமாரியில் அதே தட்டில் வைத்துவிட்டேன். உறுதி எழுதும் நொத்தாரிசிடம் அலுவல் முடிந்ததும் எங்கள் புது உறுதி குறிஞ்சாக்கேணிக்குப் போகும். ரெக்சினை இப்போதே வாங்கி வைத்திருக்கிறார் அண்ணா. ஒன்று மட்டும் உங்களைப்போல் செய்யமாட்டேன் அம்மா, என் பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும் சொல்லிவைப்பேன்.

ஜெமீலா உம்மாவின் பொதிக்கு இனிப் பொறுப்பான,
உங்கள் சின்ன மகள்
சாந்தி