கித்தான் படகுக்குக் கயிறு கட்ட அனுமதி வேண்டி

அனுப்புநர்:
ப. சந்திரமௌலி,
ஓய்வுபெற்ற கோர்ட்டு மொழிபெயர்ப்பாளர்,
கச்சேரி ரோடு, மயிலாப்பூர்.

பெறுநர்:
சிறு படகுகள் உரிம அதிகாரி அவர்கள்,
சென்னை.

பொருள்: என் படகின் கயிறுகளை அகற்றச் சொன்ன உத்தரவும், துணைப் படகின்றிக் கடலில் இறங்கக் கூடாதென்ற உத்தரவும் பற்றி.

கனம் பொருந்திய ஐயா,

1. யுத்தம் முடிந்து பட்டாளச் சாமான்கள் ஏலம் போனபோது நானும் ராயப்பேட்டைக் குடைக்கடை அக்பர் பாஷாவும் ஆளுக்கொரு கித்தான் படகு எடுத்தோம். ஒருவர் மட்டும் கால் நீட்டி உட்கார்ந்து இரட்டைத் துடுப்பால் தள்ளும் படகு. ஞாயிறுதோறும் அடையாறு முகத்துவாரம் வழியே கடலுக்குள் போய் வருவோம்.

2. படகின் மேல்புறத்தைச் சுற்றி ஒரு பிடிகயிறு உண்டு. கவிழ்ந்தவருக்கு அதைவிட்டால் ஈரக் கித்தானில் வேறு பிடிமானம் கிடையாது. மற்றவர் தம் இடுப்புப் பட்டையிலுள்ள இழுகயிற்றை அந்தப் படகில் மாட்டி அவரைக் கரை சேர்ப்பார். நான் அடிக்கடி கவிழ்பவன். "வெக்கப்படாதீங்க மௌலி சாப், நல்லா புடிச்சுக்குங்க. கவர்னரா பாத்துக்கினு கீறாரு?" என்பார் பாஷா.

3. சென்ற வருஷம் அவர் காலமானார். கடலில் அல்ல; ராயப்பேட்டையில், தம் கட்டிலில். கட்டிலுக்கு இவ்வகைக் கயிறு எதுவும் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை.

4. பிறகு பரிசோதனைக்கு வந்த தங்கள் இன்ஸ்பெக்டர், கவிழாத படகுகளுக்கே உரிமம் என்றும், பிடிகயிறு கட்டியிருப்பது படகு கவிழும் என்பதற்கு உரிமையாளரே தந்த ஒப்புதல் என்றும் எழுதினார். இழுக்க இன்னொரு படகு உடன் வராததால் இழுகயிறும் உபயோகமற்ற சாமானாயிற்று. கோர்ட்டில் எத்தனையோ வாதங்களை மொழிபெயர்த்திருக்கிறேன். இதற்கு இணையானதைக் கண்டதில்லை என்று பாராட்டுடன் தெரிவித்துக்கொள்கிறேன். உத்தரவுப்படி இரண்டையும் அகற்றினேன்.

5. அடுத்த ஞாயிறு மணல்திட்டருகே ஓர் அலை என்னைப் புரட்டியது. பிடிக்க ஒன்றுமில்லை, படகு தன் வழியே போயிற்று. உரிமத்தின்படி அது கவிழாத படகாகையால், எங்கே முறையிடுவது என்று தண்ணீரில் யோசித்துக்கொண்டிருந்தேன். கட்டுமரத்தில் வந்த கபாலி என்பவர் என்னைத் தூக்கிப் போட்டுக்கொண்டு, "இன்னா சாமி, ஒண்டியா வந்துக்கினு கீறே, ஒரு கவுறுகூட இல்லியா?" என்று கேட்டார். காரணத்தை விளக்க வாயிலிருந்த உப்புநீர் இடம் தரவில்லை. என் படகை எட்டிப் பிடித்தபோது கட்டியிழுக்கக் கயிறில்லை; அவருடையதெல்லாம் வலையோடு கடலில் கிடந்தது. "அப்போ வேட்டிய அவுரு" என்றார். என் படகு அந்த வேட்டியால் இழுக்கப்பட்டுக் கரை சேர்ந்தது. கரையில் அன்று ஜனங்கள் அதிகம் என்பதை மட்டும் குறிப்பிடுகிறேன்.

6. இதையறிந்து தாங்கள் இட்ட இரண்டாம் உத்தரவு, துணைப் படகில் வருபவரின் பெயரை எழுதித் தராவிட்டால் மாத முடிவில் உரிமம் ரத்து என்கிறது. எழுத முயன்றேன். என் வீட்டில் நான் ஒருவனே. பக்கத்து வீட்டு வக்கீல் சுவாமிநாதனைக் கேட்டேன். "பாட்டுக் கச்சேரிக்குக் கூப்பிடும், வரேன். கடலுக்கு எவன் ஓய் வருவான்?" என்றார். அவர் சொல்வது நியாயமே. வேறு யாரைக் கேட்பது என்று தெருவின் இரு பக்கமும் மனத்தால் நடந்து பார்த்தேன், சீக்கிரமே திரும்பிவிட்டேன்.

7. தனியாகப் போவது ஆபத்து என்பதை மறுக்கவில்லை. ஆனால் கடலில் ஒருவன் தனியாக இருப்பது இயல்பாகத் தோன்றுகிறது. வீட்டில் அப்படித் தோன்றுவதில்லை. அந்த ஞாயிறும் போய்விட்டால் எனக்கு எல்லாக் கிழமையும் ஒன்றுதான்.

ஆகவே இரு கயிறுகளையும் மீண்டும் கட்ட அனுமதித்து, உரிமத்தை நீட்டித்துத் தரக் கோருகிறேன். துணை கட்டாயம் என்றே தாங்கள் கருதினால், பாஷாவின் படகு என் கொல்லையில் பழுதின்றி இருக்கிறது. தங்கள் அலுவலகத்தில் ஞாயிற்றுக்கிழமை போக இடமில்லாதவர் யாரேனும் இருந்தால் அனுப்பிவைக்கலாம். துடுப்புப் போட நான் கற்றுக்கொடுக்கிறேன். கொஞ்சம் பேசுகிறவராக இருந்தால் நல்லது.

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
ப. சந்திரமௌலி

மயிலாப்பூர்,
14-3-1949.